பட்டை காய்ச்சும் பண்டிதர்களுக்கு ஒரு தராசு

டானிக் என்றதும் தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது மருந்துக்கடை சத்து டானிக்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மூடி. இங்கே பேசப்போவது அது இல்லை. ஜின் என்கிற சரக்கில் வெள்ளைக்காரர்கள் கலந்து குடிக்கும் கசப்பு சோடா. அதற்குப் பெயர் டானிக் வாட்டர். அதில் இருக்கும் கசப்பு குவினைன். பழைய ஆட்கள் 'கொய்னா மாத்திரை' என்று சொல்லி முகத்தைச் சுளிப்பார்களே, சாட்சாத் அதே மலேரியா மருந்து.

அமெரிக்காவில் சில வருடங்களாக ஒரு மோகம். டானிக் வாட்டரை பாட்டில் பாட்டிலாக வாங்காமல், 'டானிக் சிரப்' என்ற கெட்டிச் சாற்றை வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஜின், சோடா, கொஞ்சம் சிரப் என்று வீட்டிலேயே கலந்து குடிப்பது. இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி சிரப்பைக் கடையில் வாங்குகிறது. இன்னொரு கட்சி, சின்கோனா மரப்பட்டைத் தூளை இணையத்தில் வாங்கி, எலுமிச்சை, வாசனைப்புல், மசாலா, சர்க்கரை இத்யாதிகளோடு அடுப்பில் ஏற்றிக் கஷாயம் காய்ச்சி, 'இதுதான் ஒரிஜினல்' என்று நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறது.

சிரப் நல்ல யோசனை. வீட்டில் பட்டை காய்ச்சுவது படு முட்டாள்தனம். சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் என்பதற்கான கணக்கு.

முதலில் சிரப்பின் பக்கம் உள்ள நியாயம்

சிரப் என்றாலே ஏதோ கலப்படம் மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் சுத்த சைவ டானிக் பக்தர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. பர்கர் கடைகளில் குழாயில் பிடித்துக் கொடுக்கிறார்களே கோலா, அது எங்கிருந்து வருகிறது? கடைக்கு வருவது சிரப் மட்டும்தான். சோடாவோடு அது சேர்வது அந்தக் குழாயில்தான். அங்கே கௌரவம் போகவில்லை என்றால் ஜின் டம்ளரிலும் போகாது.

வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் சிரப்பே ஜெயிக்கிறது. டானிக் வாட்டரில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரை கண்ணாடி பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றி, கடையில் குளிரவைத்து, அந்தச் செலவையெல்லாம் வாங்குகிறவன் தலையில் கட்டுகிறார்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் இருக்கிறது, சோடா மெஷின் இருக்கிறது. தண்ணீருக்குப் போக்குவரத்துச் செலவு எதற்கு?

அடுத்தது கேஸ். ஒரு லிட்டர் டானிக் பாட்டிலைத் திறந்து ரெண்டு கிளாஸ் ஊற்றி மூடி வைத்தால், மறுநாள் மிஞ்சுவது சப்பென்ற சர்க்கரைத் தண்ணீர். சிரப்பில் இந்தத் தொல்லை இல்லை. சிரப் ஃபிரிட்ஜில் தூங்கும், சோடா அன்றன்றைக்குப் புதுசு. சில்லென்ற தண்ணீரில்தான் வாயு நிறையத் தங்கும் என்பதால், நன்றாகக் குளிர்ந்த சோடாவில் கலந்தால் கடை பாட்டிலைவிட நுரை தூக்கலாகவே இருக்கும்.

மூன்றாவது இனிப்பு. கசப்பு பானம் என்று பெயர்தான். அமெரிக்காவில் விற்கும் சாதாரண டானிக் வாட்டரின் 355 மில்லி டின் ஒன்றில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதே அளவு கோக்கில் 39 கிராம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. சிரப்பில் இனிப்பு எவ்வளவு என்று தீர்மானிப்பது ஊற்றுகிறவர் கை.

ஆக, சிரப்போடு சண்டை இல்லை. சண்டை அந்த அடுப்போடு.

'இயற்கை' என்கிற மந்திரம்

பட்டை காய்ச்சும் கட்சியிடம் கேட்டால் முதலில் வரும் பதில், 'இது இயற்கையானது, கெமிக்கல் இல்லை' என்பது. கடையில் விற்கும் டானிக் நிறமில்லாமல் பளிங்கு மாதிரி இருக்கிறது, எங்கள் சிரப் பழுப்பு நிறம், அதனால் இதுதான் அசல் என்பார்கள்.

அரளியும் இயற்கைதான். ஊமத்தையும் இயற்கைதான். யாராவது சர்க்கரை போட்டு சிரப் காய்ச்சுகிறார்களா?

கடை டானிக் நிறமில்லாமல் இருப்பதற்குக் காரணம், அதில் சேர்ப்பது பட்டையிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த குவினைன் உப்பு. அதே மரம், அதே மருந்து, ஆனால் எடை போட்டது. பட்டையிலிருந்து குவினைனைத் தனியே பிரிக்க பெல்லத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு மருந்தியலாளர்கள் 1820-ல் வழி கண்டுபிடித்தார்கள். உலகமே அதைக் கொண்டாடியதற்குக் காரணம் ருசி அல்ல. அதுவரை நோயாளிக்கு எவ்வளவு மருந்து போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பொட்டலத்துப் பட்டை காய்ச்சலைக் கேட்கும், அடுத்த பொட்டலம் கேட்காது. பிரித்தெடுத்த பிறகுதான் 'இத்தனை கிரெய்ன் கொடு' என்று டாக்டர் எழுத முடிந்தது. இருநூறு வருடத்துக்கு முன் மனிதன் கஷ்டப்பட்டு வெளியே வந்த குழிக்குள், இன்றைக்குச் சிலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து மறுபடி குதிக்கிறார்கள். கேட்டால் கைவினையாம்!

ஊட்டிக்காரர்களுக்குத் தெரிந்தது

இந்தப் பட்டை சமாச்சாரத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் குழுவினர் கடத்திக்கொண்டு வந்த சின்கோனா கன்றுகளையும் விதைகளையும் வைத்து, 1860-களில் ஆங்கிலேய அரசு நீலகிரியில் தோட்டம் போட்டது. தொட்டபெட்டா, நடுவட்டம் எல்லாம் அந்தத் தோட்டங்கள் இருந்த இடங்கள். வால்பாறைப் பக்கம் இன்றைக்கும் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது.

தோட்டம் போட்ட அரசு அடுத்து என்ன செய்தது தெரியுமா? 'குவினாலஜிஸ்ட்' என்று ஒரு தனிப் பதவி. ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை ஊட்டியில் உட்கார வைத்தது. எந்த மரத்துப் பட்டையில், எந்த வயதில், எந்த உயரத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளந்துகொண்டே இருப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. இதற்கு ஒரு ஆளா என்றால், ஆமாம், ஆள் தேவைப்பட்டது. ஒரு மரத்தைப் போல் இன்னொரு மரம் இல்லை. தோட்டத்தின் பொறுப்பாளரான மெக்கைவர், பட்டையை வரிவரியாக உரித்துவிட்டு மரத்தைப் பாசியால் சுற்றி மூடி வைத்தார். பாசிக்கு அடியில் புதிதாக வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து கூடியிருந்தது. அதே மரம், அதே மண், ஆனால் பழைய பட்டையில் ஒரு அளவு, புதுப் பட்டையில் வேறு அளவு!

இனம் மாறினால் கேட்கவே வேண்டாம். நீலகிரியில் செழித்த சிவப்புப் பட்டை இனத்தில் குவினைன் பங்கு குறைவு, மற்ற ஆல்கலாய்டுகள் அதிகம். சார்லஸ் லெட்ஜர் பொலிவியாவிலிருந்து வரவழைத்த விதைகள் 1865-ல் டச்சுக்காரர்கள் கைக்குப் போய் ஜாவாவில் முளைத்தன. அந்த இனத்தின் நல்ல மரங்களில் குவினைன் பல மடங்கு. உலகக் குவினைன் சந்தையே ஜாவா கைக்குப் போனது அப்படித்தான். ஆக, 'சின்கோனா பட்டை' என்ற ஒரே பெயருக்குள் 2 சதவீதமும் இருக்கலாம், 8 சதவீதமும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம்.

இப்போது இணையத்தில் விற்கும் பட்டைத்தூள் பொட்டலத்தைப் பாருங்கள். நாடு இருக்கும், எடை இருக்கும், 'ஆர்கானிக்' இருக்கும். குவினைன் எத்தனை சதவீதம்? பெரும்பாலான பொட்டலங்களில் அந்த வரி மட்டும் இருக்காது. அன்றைக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஒரு வேதியியலாளரை வைத்து அளந்த விஷயத்தை, இவர்கள் 'கால் கப்' என்று டம்ளரில் அளக்கிறார்கள்.

சரி, கணக்கு

அமெரிக்க மருந்து, உணவு நிர்வாகமான எஃப்.டி.ஏ. விதிப்படி, சோடா பானங்களில் குவினைன் பத்து லட்சத்தில் 83 பங்குக்கு மேல் போகக்கூடாது. அதாவது லிட்டருக்கு 83 மில்லிகிராம். குவினைன் இருக்கிறது என்று லேபிளில் பளிச்சென்று சொல்லவும் வேண்டும். ஒரு கிளாஸில் 150 மில்லி டானிக் ஊற்றினால் அதிகபட்சம் 12 மில்லிகிராம் சொச்சம். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடுப்படி. பட்டைத்தூள் 25 கிராம், கடைசியில் கிடைக்கும் சிரப் ஒரு லிட்டர், ஒரு கிளாஸுக்கு 25 மில்லி சிரப், ஆக மொத்தம் 40 கிளாஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

- தூளில் குவினைன் 2 சதவீதம் என்றால்: மொத்தம் 500 மில்லிகிராம். கிளாஸுக்கு 12.5. கிட்டத்தட்ட சட்ட வரம்பு. சபாஷ்.
- 4 சதவீதம் என்றால்: கிளாஸுக்கு 25. வரம்பைப் போல இரண்டு மடங்கு.
- 8 சதவீதம் என்றால்: கிளாஸுக்கு 50. நான்கு மடங்கு.

கடைசி வரியை எடுத்துக்கொண்டு நாலு கிளாஸ் குடித்தால் 200 மில்லிகிராம். இரவில் கெண்டைக்கால் பிடிப்புக்கு இங்கிலாந்தில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஒரு முழு குவினைன் மாத்திரையின் அளவு அது. அதே உபயோகத்துக்கு டாக்டர் சீட்டில்லாமல் குவினைன் விற்கக்கூடாது என்று அமெரிக்கா 1994-லேயே தடை போட்டுவிட்டது. 2006 டிசம்பரில் அனுமதி பெறாத குவினைன் மாத்திரைகள் எல்லாவற்றையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 1969 முதல் 2006 வரை குவினைன் தொடர்பாகத் தீவிர பாதிப்பு என்று தன்னிடம் வந்த புகார்கள் 665, அதில் 93 மரணங்கள் என்று அப்போது அது சொன்ன கணக்கு. இவை மாத்திரைகள் சம்பந்தப்பட்டவை, பானம் அல்ல. ஆனால் மாத்திரை அளவை டம்ளரில் கொண்டுவந்து நிறுத்துவதுதானே இந்த அடுப்பு வேலை?

'மொத்த மருந்தும் தண்ணீரில் இறங்கிவிடாதே' என்பார்கள். உண்மைதான், இறங்காது. பாதி இறங்கினாலும் கடைசி வரி இரண்டு மடங்கு. அதோடு, இந்த செய்முறைகளில் எலுமிச்சைச் சாறும் சிட்ரிக் அமிலமும் கொட்டுகிறார்கள். ஆல்கலாய்டுகள் புளிப்பில் நன்றாகவே கரையும். இன்னும் சிலர் பட்டையை வோட்காவில் ஊறவைக்கிறார்கள். ஆல்கஹால் வெறும் தண்ணீரைவிட நன்றாக உறிஞ்சி எடுக்கும். போதாக்குறைக்கு, மைதா மாதிரி நைஸான தூள் எந்த வடிகட்டியிலும் முழுசாக நிற்காது. அடியில் தங்கும் வண்டல் பாட்டிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும், கடைசி கிளாஸில் அப்படியே இறங்கும்.

பிரச்சினை 'அதிகம்' என்பது மட்டுமல்ல. பிரச்சினை 'எவ்வளவு என்றே தெரியாது' என்பது. முதல் வரியா கடைசி வரியா என்று காய்ச்சியவருக்கே தெரியாது.

அளவு மீறினால் என்ன ஆகும்?

இதற்கென்றே ஒரு பெயர் இருக்கிறது: சின்கோனிசம். காதுக்குள் 'ஙொய்ங்' என்ற இரைச்சல், தலைவலி, குமட்டல், கண் மங்கல், தலைசுற்றல். ஜின்னும் குடித்திருக்கும் ஒருவர் இதையெல்லாம் எதன் கணக்கில் எழுதுவார்? 'நேத்து கொஞ்சம் ஓவர்' என்று சரக்கின் கணக்கில் எழுதிவிட்டு, சனிக்கிழமை மறுபடியும் அதே பாட்டிலைத் திறப்பார். இந்த விஷயத்தில் ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பட்டையில் குவினைன் மட்டும் இல்லை. குவினிடினும் இருக்கிறது, அது இதயத் துடிப்பின் தாளத்தையே மாற்றும் மருந்து. சிலருக்கு, மிக அபூர்வமாக, ஒரு கிளாஸ் டானிக் வாட்டரே ரத்தத்தட்டுகளைச் சரித்துவிடும் ஒவ்வாமை உண்டு. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், 'மயஸ்தீனியா' என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள், பார்வை நரம்பில் வீக்கம் வந்தவர்கள் குவினைன் மருந்தையே தொடக்கூடாது என்கிறார்கள்.

காய்ச்சுகிறவர் தான் மட்டும் குடித்தால் அது அவர் பாடு. ஆனால் யாரும் தனக்காக மட்டும் காய்ச்சுவதில்லையே! நாலு பேரைக் கூப்பிட்டு, பழுப்புப் பாட்டிலைக் காட்டி, பெருமை அடித்து ஊற்றுவதற்குத்தான் காய்ச்சுகிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டா ஊற்றுகிறார்கள்? கடை பாட்டிலில் 'குவினைன் உள்ளது' என்ற வரியைப் படித்து ஒதுங்கிக்கொள்ளலாம். நண்பன் வீட்டு ஜாடியில் எதைப் படிப்பது?

இன்னும் சில சப்பைக்கட்டுகள்

'நாங்கள் மாதக்கணக்கில் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.' ஹெல்மெட் போடாமல் போகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அடுத்த பொட்டலம் வேறு மரத்திலிருந்து வரும் என்பதுதான் இங்கே விஷயமே.

'கசப்பு தெரியும், நாக்கே அளந்துவிடும்.' சர்க்கரையும் புளிப்பும் கசப்பை மூடும். அதற்காகத்தானே அவற்றைப் போடுகிறார்கள்! பட்டையில் உள்ள மற்ற சமாச்சாரங்களும் கசக்கும், துவர்க்கும். நாக்கு தராசு இல்லை.

'புற ஊதா விளக்கில் வைத்தால் நீலமாக ஒளிரும், அதை வைத்துப் பார்க்கலாம்.' குவினைன் அப்படி ஒளிரும் என்பது உண்மை, பார்க்க அழகாகவும் இருக்கும். இருக்கிறது என்று அது சொல்லும். எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாது.

'இது மலேரியாவைத் தடுத்த பாரம்பரிய பானம்.' மலேரியா வந்த ஒரு பெரியவருக்கு குவினைன் வேளைக்கு 600 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆக 1,800. லிட்டருக்கு 83 என்ற கணக்கில் அதை டானிக் வாட்டரில் பெற தினமும் கிட்டத்தட்ட 22 லிட்டர் குடிக்க வேண்டும். ஒரு குடம் தாண்டிவிடும் :-) டானிக் வாட்டருக்கு லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் காப்புரிமை வாங்கியது 1858-ல். ஜின்னையும் டானிக்கையும் சேர்த்து அச்சில் பார்க்கக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று 1868-ல் இந்தியாவில் வெளிவந்த 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகஸின்'. அங்கே அது மருத்துவமனைச் செய்தியில் இல்லை, குதிரைப் பந்தயச் செய்தியில் இருக்கிறது. துரைமார்கள் குடித்தது குடிப்பதற்காகத்தான்.

சிரப் கம்பெனிகளுக்கும் ஒரு குட்டு

கடையில் வாங்கும் சிரப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்றால், அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. 83 என்ற வரம்பு குடிக்கத் தயாரான சோடா பானத்துக்கு. சிரப்பை அந்தப் பானமாக மாற்றுவது வாங்குகிறவர் கை. 'ஒரு பங்குக்கு நாலு பங்கு சோடா' என்று லேபிளில் எழுதியிருப்பதை ஒன்றுக்கு ரெண்டாக ஊற்றினால் வரம்பு வாசற்படி தாண்டிவிடும். அதனால் சிரப் விற்கிறவர்கள் ஒரு வேளை அளவில் எத்தனை மில்லிகிராம் குவினைன் என்று அச்சடிக்கத்தான் வேண்டும். சர்க்கரைக்கும் உப்புக்கும் கிராம் கணக்கு போடுகிறவர்களுக்கு, உள்ளே இருக்கும் ஒரே மருந்துக்குக் கணக்கு போட என்ன கஷ்டம்?

பி.காம். வணிகச் சட்டப் பாடத்தில் 'வாங்குபவனே, விழித்திரு' என்ற தத்துவத்தை எல்லோரும் உருப்போட்டிருப்பார்கள். கூடவே அதன் விதிவிலக்குகளையும் பத்து மார்க்குக்கு எழுதியிருப்பார்கள். பார்த்தால் தெரிகிற குறைக்குத்தான் வாங்குபவன் பொறுப்பு. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் மில்லிகிராம் தெரியுமா? தெரியாத விஷயத்தில் விழித்திருந்து என்ன பயன்? அங்கே விற்பவன்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அப்ப என்னதான் செய்வது?

வீட்டில்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது.

1. குவினைன் அளவை லேபிளில் போடும் அல்லது கேட்டால் சொல்லும் ஆளிடம் சிரப் வாங்குங்கள். சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கியதை ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

2. பட்டையே இல்லாமல் சிரப் செய்யுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, எலுமிச்சை, சாத்துக்குடி, கிரேப்ஃப்ரூட் தோல், வாசனைப்புல், கொஞ்சம் சிட்ரிக் அமிலம், ஒரு சிட்டிகை உப்பு. கொதித்து இறக்கியபின் தோலைப் போட்டு ஊறவைத்து வடிகட்டினால் முடிந்தது. தோலின் கசப்பே பலருக்குப் போதும். இதற்கு டானிக் என்று பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

3. டானிக் ருசி இருந்தே ஆகவேண்டும் என்றால், அந்த சிரப் ஒரு ஸ்பூன், பாதி கடை டானிக், பாதி சோடா. இனிப்பும் உங்கள் கையில், குவினைனும் கடை அளவில் பாதி.

'சுத்தமான குவினைன் உப்பை வாங்கி நாங்களே எடை போடுகிறோமே' என்று ஒரு கோஷ்டி வரும். டேவ் ஆர்னால்ட் தன் 2014 புத்தகத்தில் அந்த வழியைத்தான் எழுதியிருக்கிறார். பட்டைக்கு அது ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் அதில் எண் இருக்கிறது. ஆனால் அது மில்லிகிராம் காட்டும் தராசும், ஒரு தப்பு புள்ளி வைத்தால் பத்து மடங்காகிவிடும் என்ற பயமும் உள்ளவர்களுக்கு. மளிகைக்கடைத் தராசு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

பட்டை காய்ச்சும் பண்டிதர்களுக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அடுத்த முறை ஜாடியைத் தூக்கி யாருக்காவது ஊற்றும்போது, 'இதில் எத்தனை மில்லிகிராம்?' என்று அவர் கேட்டால் என்ன பதில்? பதில் இருந்தால் ஊற்றுங்கள். 'இயற்கையானது' என்பது பதில் இல்லை.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். கணக்கில்லாத குவினைன் காதைக் கெடுக்கும். குடிக்காதவர்கள் ரெண்டாவது நம்பர் சிரப்பை வெறும் சோடாவில் கலந்து பாருங்கள். ஜின் இல்லாமலே ஜோர்.